தெருமுனை வரை வரும் வண்டி: போலீஸ் ரோந்து பற்றி வட சென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் மருந்துக் கடை வைத்து 22 வருடம் ஆகிறது. ராத்திரி 11.30 வரை ஷட்டர் ஏறியிருக்கும். மருந்து வாங்க வருகிறவர்கள் பாதி, நியாயம் கேட்க வருகிறவர்கள் பாதி. போலீஸ் வண்டி சம்பந்தமான கேள்வி மட்டும் வாரத்துக்கு நாலாவது வந்துவிடும். சொன்ன பதிலையே சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்துவிட்டேன். சட்டம் பேசுகிற இடங்களை எல்லாம் எங்கள் தெரு வக்கீலம்மாவிடம் காட்டித் திருத்திக்கொண்டேன். மீதி எல்லாம் கல்லாவில் உட்கார்ந்து பார்த்தது.

ரோந்து வண்டி, ஸ்டேஷன் ஜீப், டிராஃபிக் வண்டி எல்லாம் ஒன்றுதானே?

பார்க்க ஒன்று போல இருக்கும், வேலை வேறு. சென்னையில் ஒரு ஸ்டேஷன் எல்லைக்குள் சட்டம் ஒழுங்கு, குற்றப்பிரிவு, போக்குவரத்து என்று மூன்று பிரிவு உண்டு. இன்ஸ்பெக்டர் வருகிற ஜீப் அவருடைய வேலைக்கானது. கல்மண்டபத்தில் ஓரமாக நின்று ஹெல்மெட் பிடிக்கிற வெள்ளைச் சட்டைக்காரர்கள் டிராஃபிக். ரோந்து வண்டி என்பது ஒரு எல்லைக்குள் சுற்றிக்கொண்டே இருந்து, கண்ட்ரோல் ரூமிலிருந்து மைக்கில் சொன்னால் முதலில் போய் நிற்கிற வண்டி. உள்ளே டிரைவர், ஒரு எஸ்.ஐ. அல்லது சிறப்பு எஸ்.ஐ., கூட ஒன்றிரண்டு காவலர்கள் இருப்பார்கள். இன்னோவா, பொலிரோ என்று வண்டி மாறும். இது போக, பைக்கில் சுற்றுகிறவர்கள் தனி. நம் பக்கத்துச் சந்துகளுக்கு உண்மையில் உபயோகம் அந்த பைக்தான். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் பாதிக் கோபம் குறையும்: ரோந்து வண்டியில் வருகிறவர் கேஸ் நடத்துகிறவர் இல்லை. சண்டையை விலக்குவார், அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார், ஓடுகிறவனைப் பிடிப்பார், ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்வார். எஃப்.ஐ.ஆர்., விசாரணை எல்லாம் ஸ்டேஷன் வேலை. "வந்தாங்க, பார்த்தாங்க, போயிட்டாங்க" என்று நாம் திட்டுவதில் கொஞ்சம் இதனால் வருவதுதான்.

எந்த நம்பருக்கு அடிப்பது?

100. அல்லது 112. இரண்டுமே வேலை செய்யும். போனில் "காவல் உதவி" செயலி இருந்தால் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் நீங்கள் இருக்கும் இடமும் சேர்ந்து போய்விடும். பேச முடியாத நிலையில் அது நல்லது. ஆம்புலன்ஸ் 108, குழந்தைகள் விஷயம் 1098, ஆன்லைனில் பணம் போனால் 1930. கடலில் ஏதாவது என்றால் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093. காசிமேட்டுக்காரர்களுக்கு இது மனப்பாடம்.

ஸ்டேஷன் நம்பருக்கு அடிப்பதில் தப்பில்லை. ஆனால் 100-க்கு அடித்தால் அது பதிவாகும். எத்தனை மணிக்கு அடித்தீர்கள், எந்த வண்டிக்குச் சொன்னார்கள் என்பதற்குத் தடயம் இருக்கும். பின்னால் புகார் என்று போகும்போது அதுதான் கை கொடுக்கும்.

100-க்கு அடித்து அரை மணி நேரம் ஆகியும் வண்டி வரவில்லையே, ஏன்?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன்.

கடைக்கு எதிரில் இரண்டு பேர் குடித்துவிட்டுச் சண்டை. ஒருவன் கையில் உடைந்த பாட்டில். மாடி வீட்டு அக்கா 100-க்கு அடித்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"எங்கம்மா?"

"வண்ணாரப்பேட்டை சார்."

"பழைய வண்ணாரப்பேட்டையா, புது வண்ணாரப்பேட்டையா?"

"பழசு சார். மாரியம்மன் கோயில் தெரு."

"எந்த மாரியம்மன் கோயில்?"

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னா சார், இங்க வெட்டிக்கிறானுங்க, நீங்க கோயில் வரலாறு கேட்டுனு கீறீங்க" என்று கத்தினார். எதிர்முனையில் இருந்தவர் மேல் தப்பே இல்லை. வட சென்னையில் ஒரே பெயரில் எத்தனை தெரு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பிள்ளையார் கோயில் தெருக்களையும் முதல் தெரு, இரண்டாவது தெரு, குறுக்குத் தெருக்களையும் வைத்து ஒரு தனி ஊரே கட்டலாம். நான் போனை வாங்கி, எம்.சி. ரோட்டில் எந்தத் துணிக்கடை, அதன் எதிரில் எந்தச் சந்து, சந்துக்குள் எத்தனாவது கட்டடம் என்று சொன்னேன். அதற்கப்புறம் வண்டி வர சில நிமிஷம்தான் ஆனது.

வந்த வண்டியும் உள்ளே வரவில்லை. வர முடியாது. ஒரு பக்கம் மூன்று சக்கர சைக்கிள், இன்னொரு பக்கம் வரிசையாக பைக், நடுவில் தண்ணீர்க் குடம். வண்டி தெருமுனையில் நின்றது. ஏட்டய்யாவும் ஒரு காவலரும் டார்ச் அடித்துக்கொண்டு நடந்து வந்தார்கள். அந்த நூறு மீட்டரை நடப்பதற்குள் பாட்டில்காரன் பின்பக்கச் சந்து வழியாக ஓடிவிட்டான். வட சென்னையில் ரோந்து வண்டி என்பது தெருமுனை வரை வரும் வண்டி. மீதித் தூரத்துக்கு நாம் தான் வழி செய்ய வேண்டும்.

அதனால் போன் செய்யும்போது இப்படிச் சொல்லுங்கள். முதலில் பெரிய ரோடு: டி.எச். ரோடா, ஜி.ஏ. ரோடா, எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையா. அப்புறம் எல்லோருக்கும் தெரிந்த அடையாளம்: மெட்ரோ ஸ்டேஷன், மேம்பாலம், ரேஷன் கடை. அப்புறம்தான் தெருப் பெயர். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் என்றால் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று கட்டாயம் சொல்லுங்கள். கேட் போட்டால் வண்டி அந்தப் பக்கமே நின்றுவிடும். கையில் ஆயுதம் இருக்கிறதா, எத்தனை பேர், யாருக்காவது அடிபட்டிருக்கிறதா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். கடைசியாக, ஒரு பையனைத் தெருமுனைக்கு அனுப்பி நிற்க வையுங்கள். எந்தச் செயலியும் இதற்கு ஈடாகாது.

மழைக்காலத்தில் வேறு கணக்கு. வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் வண்டி சுற்றித்தான் வர வேண்டும். திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் கண்டெய்னர் லாரி வரிசை பிடித்துவிட்டால் சைரன் போட்டாலும் ஒதுங்க இடம் இருக்காது.

எங்கள் தெரு எந்த ஸ்டேஷன் எல்லை?

சென்னையில் ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு எழுத்தும் எண்ணும் உண்டு. வண்ணாரப்பேட்டை எச்1, ராயபுரம் என்1, புது வண்ணாரப்பேட்டை எச்5, ஆர்.கே. நகர் எச்6, திருவொற்றியூர் எச்8, கொடுங்கையூர் பி6. பழைய ஆட்கள் பெயரே சொல்ல மாட்டார்கள், "எச் ஒன்னுல கேஸு" என்பார்கள்.

எல்லை சில இடத்தில் ரோட்டுக்கு நடுவில் ஓடும். இந்தப் பக்கம் பை பிடுங்கினால் ஒரு ஸ்டேஷன், அவன் ரோட்டைத் தாண்டினால் இன்னொன்று. ரயில் நிலையத்துக்குள் நடந்தால் ரயில்வே போலீஸ். 2022 தொடக்கத்தில் ஆவடி, தாம்பரம் தனி ஆணையரகங்கள் ஆனபோது மணலி, எண்ணூர் பக்கம் ஆவடிக்குப் போய்விட்டது. குப்பை வரி கட்டுவது சென்னை மாநகராட்சிக்கு, போலீஸ் ஆவடி. இதில் குழம்பாதவர்கள் குறைவு.

உங்களுக்கு இந்தத் தலைவலி தேவையே இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவுப்படி, எந்த எல்லையில் நடந்த குற்றமானாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம். அவர்கள் எழுதிக்கொண்டு உரிய ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டும். இதைத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறார்கள். "இது எங்க லிமிட் இல்ல" என்று யாராவது சொன்னால், சண்டை போடாமல் "சார், ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டு அனுப்பிடுங்க" என்று மட்டும் சொல்லுங்கள். அந்த வார்த்தை உங்களுக்குத் தெரியும் என்று தெரிந்தாலே பேச்சின் தொனி மாறும்.

கடைச் சுவரில் தொங்குகிற நோட்டில் போலீஸ்காரர் கையெழுத்துப் போடுகிறாரே, அது என்ன?

பட்டா புத்தகம். ராத்திரி பீட்டில், அதாவது தனக்கு ஒதுக்கிய ரோந்துப் பகுதியில், சுற்றி வருகிறவர் இன்ன நேரத்துக்கு இங்கே வந்தார் என்பதற்கான சாட்சி. நகைக்கடை, அடகுக்கடை, ஏ.டி.எம்., பூட்டியிருக்கும் வீடு, இப்படி இடங்களில் வைப்பார்கள். எங்கள் கடை வாசலில் ஒன்று பல வருஷம் தொங்கியது. கோடு போட்ட சின்ன நோட்டு, மழைக்குப் பாலிதீன் உறை, மூக்கில் நூல் கட்டிய பேனா. காலையில் கடை திறந்ததும் அதைத்தான் முதலில் புரட்டுவேன். 1.40 ஒரு கையெழுத்து, 3.15 ஒன்று. சில நாள் பக்கத்தில் டீ டம்ளர் வட்டம் பதிந்திருக்கும்.

ஒரு முறை மூன்று ராத்திரிக்கான கையெழுத்தும் ஒரே மையில், ஒரே சாய்வில் இருந்தது. பேனா மாறாது சரி, கை கூடவா களைக்காது? யார், எந்தக் காலம் என்று சொல்லப் போவதில்லை. அதே வாரம் பக்கத்து மளிகைக் கடையில் ஓடு பிரித்து இறங்கினான் ஒருவன். பட்டா புத்தகத்தின்படி அந்நேரம் போலீஸ் வாசலில் நின்றிருந்தது.

இப்போது பீட் காவலர் கையில் "ஸ்மார்ட் காவலர்" செயலி வந்துவிட்டது. போன இடம் தானாகப் பதிவாகும். வீட்டிலிருந்தபடி கையெழுத்துப் போடுகிற வேலை அவ்வளவு சுலபம் இல்லை. நோட்டை நான் இன்னும் கழற்றவில்லை, அது வேறு விஷயம்.

ஊருக்குப் போகிறீர்கள் என்றால் ஸ்டேஷனில் பூட்டிய வீடு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம். ரோந்துப் பட்டியலில் சேர்ப்பார்கள். பொங்கலுக்கு ஊர் போகிற எங்கள் தெரு ஆசிரியர் ஒருவர் வருஷா வருஷம் தவறாமல் செய்கிறார். பால்காரருக்குச் சொல்ல மறந்தாலும் ஸ்டேஷனுக்குச் சொல்ல மறக்க மாட்டார்.

ராத்திரி 12 மணிக்கு எங்கள் வீட்டு வாசலில் உட்காரக்கூட உரிமை இல்லையா?

இருக்கிறது. ராத்திரி இத்தனை மணிக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது என்று பொதுவான சட்டம் எதுவும் இல்லை. தடை உத்தரவு போட்டிருந்தால்தான் வேறு.

ஆனால் கேள்வி சட்டத்தைப் பற்றியது மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். நம் பக்கம் எட்டுக்கு எட்டு அறையில் ஆறு பேர். சித்திரை மாதத்தில் மின்சாரமும் போனால் உள்ளே மனுஷன் படுக்க முடியுமா? தெருதான் ஹால், திண்ணைதான் கட்டில். பையன்கள் படியில் உட்கார்ந்து செல்போன் பார்ப்பார்கள், பெரியவர்கள் கயிற்றுக் கட்டில் போடுவார்கள், மீன் ஏலத்துக்குப் போகிறவர்கள் 2 மணிக்கே எழுந்துவிடுவார்கள். தென் சென்னையிலிருந்து மாற்றலாகி வந்த எஸ்.ஐ.க்கு முதல் வாரம் இது எல்லாமே கும்பலாகத் தெரியும். பழைய ஏட்டு கூட இருந்தால் "அது நம்ம ராயபுரம் பசங்க சார், வீட்டு வாசல்தான்" என்று சொல்லி வண்டியை நகர்த்துவார். அவர் இல்லாத அன்றைக்குத்தான் லத்தி தரையில் தட்டும் சத்தம் கேட்கும்.

சட்டப்படி அவர்கள் என்ன செய்யலாம்? பெயர், முகவரி, ஏன் இங்கே என்று கேட்கலாம். பொது இடத்தில் குடித்துவிட்டு ரகளை செய்தால் 1888-ஆம் வருஷத்துச் சென்னை மாநகரக் காவல் சட்டத்தின் 75-ஆவது பிரிவில் சின்ன வழக்குப் போடலாம். "செவன்டி ஃபைவ் போட்டாங்க" என்று தெருவில் சொல்வது அதைத்தான். போனில் படம் எடுத்து, முகத்தைப் பழைய குற்றவாளிகள் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கிற செயலியும் தமிழகப் போலீஸிடம் இருக்கிறது. சும்மா உட்கார்ந்திருந்த பையனை அடிப்பதற்கு எந்தப் பிரிவும் கிடையாது.

பையன்களுக்கு நான் சொல்வது: எழுந்து ஓடாதீர்கள். ஓடினால் வண்டி உங்களைத்தான் துரத்தும். வீடு எது என்று கையைக் காட்டுங்கள், அம்மாவைக் கூப்பிடுங்கள். வட சென்னையில் ஒரு அம்மா கதவைத் திறந்து "இன்னா சார், எம்புள்ள" என்று வெளியே வந்துவிட்டால் பேச்சு பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

"வண்டியில் ஏறு" என்றால் என்ன செய்வது?

முதலில் கேட்க வேண்டியது: கைது செய்கிறீர்களா, விசாரணைக்கா? கைது என்றால் காரணத்தைச் சொல்ல வேண்டும், நீங்கள் சொல்கிற ஆளுக்குத் தகவல் தெரிவிக்க வேண்டும், கைதுக் குறிப்பு எழுதி சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும், கைது செய்கிறவரின் பெயர் தெளிவாகத் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். இதில் பலதும் 1996-இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது; பிறகு சட்டத்திலேயே ஏறிவிட்டது.

பெண்களை, தவிர்க்க முடியாத சூழல் இல்லாமல், சூரியன் மறைந்த பிறகும் உதிப்பதற்கு முன்பும் கைது செய்யக் கூடாது. அப்படியே செய்தாலும் பெண் அதிகாரி இருக்க வேண்டும், மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி வேண்டும். சாட்சியாக விசாரிக்க என்றால் பெண்கள், 15 வயதுக்குக் குறைந்த பையன்கள், 60 தாண்டியவர்கள் ஆகியோரை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக் கூடாது, அவர்கள் வீட்டுக்குத்தான் போக வேண்டும். 18 வயது ஆகாத பையனை லாக்கப்பில் வைக்கவே கூடாது.

வீட்டில் இருக்கிறவர்கள் உடனே குறித்துக்கொள்ள வேண்டியது வண்டி எண், நேரம், எந்த ஸ்டேஷன், யார் யார் பார்த்தார்கள் என்பது. அழுதுகொண்டே பின்னால் ஓடுவதற்கு முன் இதை ஒரு போனில் டைப் செய்துவிடுங்கள். இலவச சட்ட உதவிக்கு 15100.

வண்டியை நிறுத்தி பேப்பர் கேட்டால் செராக்ஸ் போதுமா?

செராக்ஸ் போதாது. அரசின் டிஜிலாக்கர் செயலியில் உள்ள லைசென்ஸ், ஆர்.சி. அசல் மாதிரியே செல்லும். அபராதம் என்றால் செலான் கேளுங்கள். அதைக் கார்டிலோ ஆன்லைனிலோ கட்டலாம். கையில் பணம் கொடுத்து ரசீது இல்லாமல் கிளம்பினீர்கள் என்றால், நீங்கள் கட்டியது அபராதம் இல்லை என்று உங்களுக்கே தெரியும். குடித்திருந்தால் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் போனாலே வழக்கு, முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை.

"முன்னாடி கொலை நடந்திருக்கு, நகையைக் கழற்றுங்கம்மா" என்று போலீஸ் சொன்னால்?

அது போலீஸ் இல்லை. இதை எங்கள் பாட்டிமார்களுக்கு எத்தனை தடவை சொன்னாலும் போதாது. டக்-இன் செய்த சட்டை, கட்டிங் முடி, கையில் வாக்கி டாக்கி மாதிரி எதையோ வைத்துக்கொண்டு இரண்டு பேர் நிற்பார்கள். அக்கறையாகப் பேசுவார்கள். நகையைக் காகிதத்தில் மடித்துத் தருகிறேன் என்று வாங்கி, வீட்டுக்குப் போய்ப் பிரித்தால் உள்ளே கல் இருக்கும். காலையில் கோயிலுக்குப் போகிற, தனியாக மார்க்கெட் போகிற வயதான பெண்களைத்தான் குறி வைப்பார்கள்.

நகையைக் கழற்றச் சொல்லி எந்த ரோந்துக்காரரும் கேட்க மாட்டார். ரோந்து வண்டியில் வருகிறவர் சீருடையில் இருப்பார், சட்டையில் பெயர் இருக்கும், வண்டி எண்ணில் பெரும்பாலும் அரசு வண்டிக்கான ஜி எழுத்து இருக்கும். சந்தேகம் வந்தால் சத்தமாக "இருங்க தம்பி, 100-க்குக் கேட்டுட்டு தர்றேன்" என்று சொல்லிப் பாருங்கள். போனை எடுப்பதற்குள் பைக் ஸ்டார்ட் ஆகிவிடும்.

ராத்திரி பாட்டுச் சத்தத்துக்கு 100-க்கு அடிக்கலாமா?

அடிக்கலாம். 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. உங்கள் பெயரைச் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்ளலாம்.

சாவு வீட்டு மேளத்துக்கு மட்டும் நான் அடிக்க மாட்டேன். அது என் கணக்கு. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை வைத்திருப்பவர் கணக்கு வேறாக இருக்கும்.

காசிமேட்டில் ஞாயிற்றுக்கிழமை ஏன் அத்தனை போலீஸ்?

விடியற்காலை ஏலம், மொத்த வியாபாரி, சில்லறைக்கு வருகிற குடும்பங்கள், ஐஸ் வண்டி, ஆட்டோ எல்லாம் ஒரே வாசலில் நெருக்கினால் பாக்கெட் அடிப்பவனுக்குத் திருவிழா. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அது முடிந்து விசைப்படகுகள் கரை திரும்புகிற முதல் ஞாயிறு இருக்கிறதே, அன்றைக்கு ரோந்து வண்டி சூரியநாராயண செட்டித் தெருவிலேயே மாட்டிக்கொண்டு நிற்பதை நீங்கள் பார்க்கலாம். மீன்பிடித் துறைமுகத்துக்கு என்றே என்4 என்று தனி ஸ்டேஷன் உண்டு. விநாயகர் சிலை கரைக்கிற நாளிலும் இதே கதை. காசிமேடும் திருவொற்றியூர் பாப்புலர் எடைமேடை பின்புறமும் சிலை கரைக்க ஒதுக்குகிற இடங்கள் என்பதால், அன்று மற்றத் தெருக்களுக்கு வண்டி வர நேரமாகும்.

இளஞ்சிவப்பு வண்டி யாருக்கு?

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும். பெண்கள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் நிர்பயா நிதியில் 2019-இல் சென்னையில் விட்டார்கள். அப்போது அம்மா ரோந்து வாகனம் என்று பெயர். பள்ளி, கல்லூரி, பஸ் நிறுத்தம் பக்கம் சுற்றுவதற்கானது. நிறத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டாம், ஆபத்து என்றால் எந்த நிற வண்டியும் வர வேண்டும்.

வண்டி சுற்றிக்கொண்டே இருந்தால் குற்றம் குறையுமா?

நியாயமாகப் பார்த்தால் குறைய வேண்டும். ஆனால் இதைச் சோதித்துப் பார்த்த ஊர் ஒன்று உண்டு. அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் 1972 முதல் 1973 வரை 15 பீட்டுகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஐந்தில் வழக்கம் போல ஒரு வண்டி. ஐந்தில் இரண்டு மூன்று மடங்கு வண்டி. மீதி ஐந்தில் சும்மா சுற்றுகிற வண்டியே கிடையாது, கூப்பிட்டால் மட்டும் வரும். வருஷம் முடிந்து கணக்குப் பார்த்தால் மூன்றிலும் குற்றத்தில் சொல்லிக்கொள்கிற வித்தியாசம் இல்லை. மக்களின் பயத்திலும் இல்லை. மக்களுக்கு வண்டி கூடியதோ குறைந்ததோ தெரியவே இல்லை என்றுகூடச் சொல்லலாம்.

அப்படியானால் ரோந்தே வீணா? இல்லை. அதே நாட்டில் மினியாபொலிஸ் நகரத்தில் 1988-89-இல் வேறு மாதிரி செய்தார்கள். ஊர் முழுக்கச் சுற்றாமல், அடிக்கடி புகார் வருகிற 110 இடங்களைப் பொறுக்கி, அதில் பாதி இடங்களில் மட்டும் ரோந்தைக் கூட்டினார்கள். அங்கே குற்ற அழைப்புகள் குறைந்தன. ஒரு இடத்தில் பத்து, பதினைந்து நிமிஷம் நின்றுவிட்டுப் போனால் பலன் அதிகம் என்றும் பின்னால் கணக்குப் பார்த்தார்கள். நியூவார்க்கில் நடந்து ரோந்து வந்தபோது குற்றம் பெரிதாகக் குறையவில்லை, ஆனால் மக்களுக்குப் பயம் குறைந்தது.

அமெரிக்க ரோடும் நம் ரோடும் ஒன்றா என்று கேட்பீர்கள். ஒன்றில்லை, நம்முடையது இன்னும் குறுகல். அதனால் அந்தப் பாடம் நமக்கு இன்னும் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம். டி.எச். ரோட்டில் நீல விளக்கு சுழன்றபடி 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டியைப் பார்த்து எந்த செல்போன் திருடனும் தொழிலை விட மாட்டான்; அது போன பிறகு அடுத்தது எப்போது வரும் என்று அவனுக்குத் தெரியும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் லாரிக்குள் தூங்குகிற டிரைவரிடம் கத்தி காட்டிப் பணம் பிடுங்குகிறவன் இரண்டு ரவுண்டுக்கு இடையில்தான் வருகிறான். அதே வண்டி மின்ட் பக்கத்தில் கால் மணி நேரம் நின்று, எஸ்.ஐ. இறங்கி இளநீர்க்காரரிடம் நாலு வார்த்தை பேசினால் அந்த மூலையே மாறிவிடும். பைக்கில் இரண்டு பேர் சந்துக்குள் வந்து போனால் இன்னும் நல்லது. எங்கள் பகுதிக் கூட்டத்தில் "எங்களுக்கு இன்னொரு வண்டி வேண்டும்" என்று எல்லோரும் கேட்டபோது நான் "இரண்டு பைக் கொடுங்கள்" என்றேன். கை தட்டியது இரண்டே பேர்.

பின்னால் சைரன் கேட்டால்?

இடது பக்கம் ஒதுங்குங்கள். சிவப்புச் சுழல் விளக்கு வைத்து வருகிற பெரிய மனிதர்களின் காலம் 2017 மே 1-உடன் முடிந்துவிட்டது. இப்போது சுழல் விளக்கு வந்தால் ஆம்புலன்ஸ், தீயணைப்பு, போலீஸ் மாதிரியான அவசர வண்டி என்று நம்பலாம்.

வண்டி வந்தது, எதிர்த்தரப்புக்குத் தெரிந்த ஆள் என்பதால் ஒன்றும் செய்யாமல் போனது. யாரிடம் சொல்வது?

முதலில் ஸ்டேஷனில் எழுத்தில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாத புகார் பேச்சோடு போச்சு. எஃப்.ஐ.ஆர். போட வேண்டிய விஷயத்துக்குப் போட மறுத்தால் துணை ஆணையருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. வேப்பேரியில் ஆணையர் அலுவலகத்தில் நேரடியாகவும் மனு கொடுக்கலாம். அடித்தார்கள், அவமானப்படுத்தினார்கள் என்றால் மாநில மனித உரிமை ஆணையம். "முதல்வரின் முகவரி" என்கிற அரசுக் குறைதீர்ப்புத் துறைக்கு 1100.

எழுதும்போது கோபத்தைக் குறைத்து விவரத்தைக் கூட்டுங்கள். "அராஜகம், அநியாயம்" என்று இரண்டு பக்கம் எழுதுவதைவிட "இரவு 11.20-க்கு 100-க்கு அடித்தேன், 11.42-க்கு வண்டி வந்தது, இறங்கியவர் பெயர்ப் பட்டையில் இன்ன பெயர்" என்ற மூன்று வரி அதிக வேலை செய்யும். எங்கள் கடை சி.சி.டி.வி.யில் பதிவு கேட்டு வருகிறவர்கள் ஒரு வாரம் கழித்து வராதீர்கள். அது ஏழு நாளில் தானாக அழிந்துவிடும். தேதி சொன்னால் அன்றே எடுத்து வைப்பேன்.

ரோட்டோரம் மயங்கிக் கிடக்கிறவரைப் பற்றிச் சொன்னால் நமக்கு வம்பா?

இல்லை. விபத்தில் உதவியவரைச் சாட்சியாகக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. பெயர்கூடச் சொல்லத் தேவையில்லை. ஆதரவற்றவர்களை மீட்க சென்னைப் போலீஸில் "காவல் கரங்கள்" என்று ஒன்று இருக்கிறது. ஸ்டான்லி ஆஸ்பத்திரி வாசல் பக்கம் ஒரு பெரியவரை அவர்கள் வண்டியில் ஏற்றிப் போனதை நானே பார்த்தேன். போர்வையை அவரே பிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டார்கள், பிடுங்கவில்லை.

ராத்திரி ரோந்தில் வருகிறவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தால் லஞ்சமா?

டீயைச் சொல்கிறீர்களா, டீ என்று வேறு எதையாவது சொல்கிறீர்களா? டீ என்றால் கொடுங்கள். எங்கள் தெருமுனை டீக்கடையில் பாதிப் பேர் தாங்களே காசு வைத்துவிடுவார்கள். நாற்பது தாண்டியவர்கள் எல்லோரும் "சர்க்கரை கம்மி" என்பார்கள். பல வருஷ நைட் டூட்டி. அவர்களில் மூன்று பேருக்கு மாத மாதம் மாத்திரை கொடுக்கிறவன் நான்தான்.